சுவரைத் தாண்டிய தாலாட்டு



"சுவருக்கும் காது உண்டுடீ, மெதுவாப் பேசு" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள் அல்லவா? இதை நிஜமாகவே அனுபவித்தவர்கள் கிழக்கு ஜெர்மனித் தாய்மார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949-ல் ஜெர்மனி இரண்டு நாடாயிற்று. மேற்கே அமெரிக்காவின் அணி, கிழக்கே ரஷ்யாவின் அணி. 1961 ஆகஸ்ட் 13-ம் தேதி பெர்லின் நகரின் நடுவே முள்வேலி போட்டார்கள். பிறகு அதுவே சுவராயிற்று. அக்கா ஒரு பக்கம், தங்கை மறுபக்கம். அரசியல் கதையை ஆண்கள் பேசிக் கொள்ளட்டும். அங்கே கூடத்திலும் அடுப்படியிலும் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

முதலில் கூடத்துக்கு வருவோம். கண்ணில் மணல் தூவிக் குழந்தைகளைத் தூங்க வைக்கும் குட்டி மனிதர் ஒருவர் உண்டு என்பது ஐரோப்பியக் கதை. அவரை வைத்து மேற்கு பெர்லினில் டெலிவிஷன் நிகழ்ச்சி தயாராகிறது என்று 1959-ல் கிழக்கே சேதி எட்டியது. விடுவார்களா? கெர்ஹார்ட் பெஹ்ரெண்ட் என்ற பொம்மைக் கலைஞர் அவசர அவசரமாக, வெள்ளைத் தாடியும் கூம்புக் குல்லாயும் வைத்து ஒரு பொம்மை செய்தார். நவம்பர் 22-ல் கிழக்குப் பொம்மை திரைக்கு வந்துவிட்டது. மேற்குப் பொம்மை வந்தது டிசம்பர் 1-ல். ஒன்பதே நாள் முந்தல்! குழந்தையைத் தூங்க வைப்பதிலும் போட்டி!

முதல் நாள் அந்தப் பொம்மை தெரு ஓரத்திலேயே தூங்கிப் போனதாம். "எங்க வீட்டுக்கு வாங்க, என் படுக்கையைத் தர்றேன்" என்று குழந்தைகள் கடிதம் எழுதினார்களாம். குழந்தைக்கு ஏது கிழக்கு, மேற்கு?

ஆனால் பெரியவர்கள் விடவில்லை. மேற்கு டெலிவிஷன் அலைகள் சுவரைத் தாண்டிக் கிழக்கு வீடுகளுக்கு வந்தன. 1961-ல் அரசுக் கட்சியின் இளைஞர்கள் கூரை மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பி வைத்தார்கள். ஜனங்கள் மறுபடி இந்தப் பக்கம் திருப்பிக் கொண்டார்கள்! 1973-ல் தலைவர் ஹோனெக்கரே, அவரவர் விருப்பம் போல் பார்க்கலாம் என்கிற தோரணையில் பேசிவிட்டார். இருந்தாலும் பள்ளியில் ஆசிரியர் சாமர்த்தியமாக, "உங்க வீட்டு டெலிவிஷன் கடிகாரத்தில் புள்ளி இருக்கா, கோடு இருக்கா?" என்று கேட்பாராம். இரண்டு பக்கத்துக் கடிகாரமும் வேறு வேறு. பிள்ளையின் பதிலில் வீட்டு ரகசியம் வெளியே வந்துவிடும். அந்நாளில் குழந்தைகளாக இருந்த பலர் இதை நினைவு கூர்ந்திருக்கிறார்கள். "வெளியில கேட்டா இப்படிச் சொல்லணும், கண்ணு" என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டிய தாயை நினைத்தால், எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

டிரெஸ்டன் நகரம் பள்ளத்தாக்கில் இருந்ததால் அங்கே மேற்கு அலை எட்டவில்லை. 'ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு' என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மேற்கு டெலிவிஷன் பார்த்தவர்களே தங்கள் ஆட்சியோடு கொஞ்சம் அதிகமாக ஒத்துப் போனார்கள் என்று 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சாயங்காலம் நல்ல பொழுதுபோக்கு கிடைத்தால் மனக்கசப்பு கொஞ்சம் அடங்குகிறது போலும்!

இனி அடுப்படி. 1975-ல் பிரேஸில் நாட்டில் பனி விழுந்து காப்பிச் செடிகள் கருகின. உலகெங்கும் விலை ஏறிற்று. கிழக்கு ஜெர்மனி 1977-ல் காப்பித் தூளில் பாதிக்குப் பாதி சிக்கரி, தானியம், பட்டாணி எல்லாம் கலந்து விற்றது. நமக்குக் கொஞ்சம் சிக்கரி சேர்ந்தால்தான் டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும், ஆனால் பட்டாணி? காப்பி மெஷின்களே அடைத்துக் கொண்டனவாம். எத்தனையோ பொறுத்த ஜனங்கள் இதைப் பொறுக்கவில்லை. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. பிறகு 1980-ல் வியட்நாமோடு ஒப்பந்தம் செய்து அங்கே காப்பித் தோட்டம் போட உதவினார்கள்.

அந்தக் கஷ்டத்தில் கைகொடுத்தது மேற்கு உறவினர்களின் பார்சல். காப்பி, சாக்லேட், சோப்பு, நைலான் காலுறை எல்லாம் வரும். 'அன்பளிப்பு, விற்பனைச் சரக்கு அல்ல' என்று மேலே எழுத வேண்டும். பத்திரிகை வைக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன் திராட்சையும் பாதாமும் வரும். கிழக்கே இருப்பவள் அதைப் போட்டு 'ஷ்டோலன்' என்ற பண்டிகை ரொட்டி சுட்டு, மேற்கே இருப்பவளுக்குத் திருப்பி அனுப்புவாள். கொடுத்தவளுக்கும் பெருமை, வாங்கினவளுக்கும் கௌரவம். நாம் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டோமே, அது போலத்தான்.

1989 நவம்பர் 9-ல் சுவர் திறந்தது. மறு வருடம் நாடு ஒன்றாயிற்று. கிழக்கு டெலிவிஷன் நிலையம் 1991 கடைசியில் மூடப்பட்டது. ஆனால் அந்தத் தாடிப் பொம்மையை நிறுத்தக் கூடாது என்று ஜனங்கள் போராடிக் காப்பாற்றிவிட்டார்கள். மேற்குப் பொம்மை 1989-லேயே நின்றுவிட்டதால், இன்று இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும் தூங்க வைப்பது அவர்தான்.

நம் வீடுகளிலும் சின்னச் சின்னச் சுவர்கள் உண்டு. ஓரகத்தியோடு மனஸ்தாபம், பக்கத்து வீட்டோடு சண்டை. "அங்க என்ன பேசினாங்க?" என்று பிள்ளையைத் துருவுகிறோம், "இங்க நடந்ததைச் சொல்லிடாதே" என்று வாயையும் அடைக்கிறோம். ஜெர்மனித் தாய்க்கு வேறு வழியில்லை. நமக்கு உண்டு. சண்டை பெரியவர்களோடு நிற்கட்டும். ராத்திரி கதை கேட்டுத் தூங்கும் பிஞ்சு மனதில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாமே!