குக்கர் மேல் இன்னொரு வெயிட்

பூஸ்ட் என்றால் பாலில் கலக்கிக் குடிப்பது என்றிருந்த காலம் போய்விட்டது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஃபில்டர் காபியை ஆற்றிக்கொண்டே, வண்டியின் பூஸ்ட் எத்தனை பி.எஸ்.ஐ. என்று பேசும் இளைஞர்களை இன்று பார்க்கலாம். போலோ, பலேனோ ஆர்.எஸ்., நெக்ஸான், வென்யூ என்று வரிசையாக வந்து, பெட்ரோல் டர்போ நடுத்தரக் குடும்பத்தின் வண்டியாகிவிட்டது. அதன் பின்னாலேயே பூஸ்ட் கன்ட்ரோலர் என்ற சின்னக் கருவியின் மேல் ஆசையும் வந்துவிட்டது. மேனுவலா, எலெக்ட்ரானிக்கா என்பதுதான் கேள்வி. மும்பையில் ஓட்டுகிற பெரும்பாலோருக்கு இரண்டுமே வேண்டாம்.

ஏன் என்று புரிய அடுப்படிக்குப் போனால் போதும். குக்கரில் ஆவி மிஞ்சினால் வெயிட் எழும்பி அதை வெளியேற்றிவிடும். டர்போவில் அந்த வேலையைச் செய்வது வேஸ்ட்கேட். எஞ்சினுக்குள் தள்ளப்படும் காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், ஒரு மெல்லிய குழாய் வழியாக அதன் ஸ்பிரிங்கை அழுத்தும். அளவு தாண்டினால் கதவு திறந்து, புகை டர்பைனைச் சுழற்றாமல் வெளியே போய்விடும். பூஸ்ட் கன்ட்ரோலர் அந்தக் குழாயின் நடுவே உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பதைவிடக் குறைந்த அழுத்தத்தை வேஸ்ட்கேட்டுக்குக் காட்டும். சுருக்கமாக, அதனிடம் பொய் சொல்லும். வெயிட்டின் மேல் இன்னொரு வெயிட்டை ஏற்றுவதும் இதுவும் ஒன்றுதான்.

மேனுவல் கருவியில் ஒரு திருகும் ஸ்பிரிங்கும்தான். விலை மலிவு, மாட்டுவதும் எளிது. ஆனால் ஒருமுறை திருகி வைத்த அளவு, மே மாத வெக்கைக்கும் ஜனவரிக் காலைக்கும் தானாக மாறிக்கொள்ளாது. எலெக்ட்ரானிக் கருவி சென்சாரில் அழுத்தத்தை அளந்து, சொலினாய்டு வால்வை நொடிக்குப் பலமுறை திறந்து மூடித் திருத்திக்கொண்டே இருக்கும். நல்ல கருவியென்றால், எல்லை தாண்டியதும் பூஸ்ட்டைக் குறைத்தும்விடும். குழாயும் ஸ்பிரிங்கும் உள்ள பழைய டர்போ வண்டிக்கு ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், எலெக்ட்ரானிக்கையே வாங்கலாம்.

புதிய வண்டிகளின் கதை வேறு. இந்தியாவில் 2013-இல் வந்த போலோ ஜி.டி.யின் 1.2 டி.எஸ்.ஐ. எஞ்சினில் வேஸ்ட்கேட்டை அசைப்பதே ஒரு மின்மோட்டார்தான். கன்ட்ரோலரைச் செருக அங்கே குழாயே கிடையாது! மற்றப் புதிய வண்டிகளிலும் பூஸ்ட் எவ்வளவு என்று முடிவுசெய்வது எஞ்சின் கம்ப்யூட்டர். அதற்குத் தெரியாமல் காற்றைக் கூட்டினால், வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு செக்-எஞ்சின் விளக்கை எரியவிடும். அப்படியும் அடங்காவிட்டால் நாக்கிங் வந்து, அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடித்து, பிஸ்டனைத் தின்னும். இந்த வண்டிகளில் பூஸ்ட்டைக் கூட்டுவதென்றால் காற்று, பெட்ரோல், இக்னிஷன் மூன்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில்தான் மாற்றவேண்டும். 2020 இறுதியிலிருந்து மும்பையில் 100 ஆக்டேன் பெட்ரோலும் கிடைக்கிறது. நாக்கிங்கைத் தள்ளிப்போட அது உதவும். கணக்கில்லாமல் ஏற்றிய பூஸ்ட்டை அதுவும் காப்பாற்றாது.

எஞ்சின் தாங்கினாலும் கியர்பாக்ஸ் தாங்கவேண்டுமே. ஃபோக்ஸ்வாகனின் உலர் கிளட்ச் கொண்ட 7 வேக டி.எஸ்.ஜி.யின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். டைகுன் 1.5 டி.எஸ்.ஐ. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 250-ஐத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் கிளட்ச்சின் கணக்கில் எழுதும் கடன்.

பூஸ்ட் கூடினால்தான் வெற்றி என்பதும் பிரமை. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1986-இல் டர்போ எஞ்சின்கள் தகுதிச் சுற்றில் 1000 குதிரைத்திறனைத் தாண்டின. பல எஞ்சின்கள் அந்தச் சுற்றோடு சரி. 1987-இல் 4 பார், 1988-இல் 2.5 பார் என்று வால்வு மாட்டி அழுத்தத்தைக் கட்டினார்கள். எரிபொருளையும் 150 லிட்டராகக் குறைத்தார்கள். டர்போ இல்லாத எஞ்சின்களுக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது ஹோண்டா டர்போ பொருத்திய மெக்லாரன். குறைந்த பூஸ்ட்டைச் சிக்கனமாக ஆண்டவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, 2019 திருத்தத்தில் சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றிய வண்டி மோதினால், கிளெய்ம் மறுக்கப்படலாம்.

இத்தனையும் செய்து எங்கே ஓட்டுவது? தாராவி 90 அடி சாலையில் இரண்டாவது கியருக்கு மேல் போனாலே அதிசயம். செம்பூர்க்காரர்களுக்கு ஈஸ்டர்ன் ஃப்ரீவே உண்டு, அதன் 16.8 கிலோமீட்டரிலும் வேக வரம்பு இருக்கிறது. நகருக்குள் கார் பந்தயத் தடம் கிடையாது. மகாலட்சுமியில் இருப்பது குதிரைகளுக்கு.

ஆசை அடங்காதவர்கள் கன்ட்ரோலருக்கு முன்னால் ஒரு பூஸ்ட் கேஜ் வாங்குங்கள். ஒரு மாதம் அதை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு செம்பூருக்கும் ஃபோர்ட்டுக்கும் போய்வாருங்கள். கம்பெனி கொடுத்த உச்ச அழுத்தத்தை முள் எத்தனை முறை தொட்டது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போகலாம்.