திருகோணமலை வானத்தைக் காத்தவர்

ஜான் டி'ஆல்பியாக்கின் பெயர் கிளிவெட்டியிலோ மூதூரிலோ யாருக்கும் நினைவில் இல்லை. முதல் உலகப் போரில் கடற்படையின் விமானப் பிரிவில் பணியாற்றியவர். 1940 - 41இல் கிரேக்கத்தில் பிரித்தானிய விமானப் படைக்குத் தலைமை தாங்கித் தோற்றுப் பின்வாங்கியவர். 1942இல் இலங்கையின் வான் பாதுகாப்பு அவர் பொறுப்பில் இருந்தது. கிரேக்கத்தில் கண்ட தோல்விதான் அவருக்குக் கிடைத்த பெரிய தகுதி என்பேன். குறைந்த விமானங்களோடு பெரும் படையை எதிர்கொள்வது எப்படி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை அப்போது விமான ஓடுதளமாக்கியிருந்தார்கள். ஜப்பானியருக்கு அது தெரியாது.

ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையின் சீனக்குடா ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு உள்ளானது. மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கி முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காவல் விமானம் ஏன் உரிய நேரத்தில் போகவில்லை என்ற கேள்வி நியாயமானது, கனமானதும்கூட. ஆனால் கப்பலை வான்காவலின்றிக் கடலுக்கு அனுப்பிய முடிவு கடற்படையுடையது. ஜப்பானியக் கப்பல்களைத் தேடிச் சென்ற ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களில் ஐந்து அழிந்தன. அவரிடம் அதற்கு மேல் பெரிய குண்டுவீச்சுப் பலம் இருக்கவில்லை. எதிரியின் கப்பல்களை முதலில் கண்டு அறிவித்த கனடிய விமானி பேர்ச்சாலைப் போற்றுகிறோம், சரிதான். அந்த எச்சரிக்கையைப் பயன்படுத்திக்கொண்ட தளபதியையும் நம் மாவட்ட வரலாறு எழுத வேண்டும், ஜப்பானியக் குண்டுவீச்சில் செத்த துறைமுகத் தொழிலாளரோடு சேர்த்தே.