அம்பு வரும் திசை

முப்பரிமாணப் படங்களில் அமெரிக்காவுக்கு மோகம் பிறந்த 1953-ஆம் வருஷத்தில், வில்லியம் காஸில் டைரக்ட் செய்து வெளிவந்தது 'போர்ட் டை'. இரு கண்களுக்கும் இரு வேறு படங்களைக் காட்டி, விசேஷக் கண்ணாடியின் உதவியால் ஆழம் தோன்றச் செய்தார்கள். அம்புகளும் கோடரிகளும் ரஸிகர்களின் முகத்தை நோக்கியே பாய்ந்தன.

கதையோ, 1759-இல் டைகாண்டரோகா கோட்டையைப் பற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்த யுத்தம். கோட்டையின் பெயரே அங்குள்ள ஆதிக்குடிகளின் பாஷையிலிருந்து வந்தது, பூமியும் அவர்களுடையதே.

அம்பு நம்மை நோக்கி வருகிறதென்றால், நம்மை எந்தப் பக்கத்தில் உட்கார்த்தியிருக்கிறார்கள்? ஆங்கிலேயப் படையின் பக்கத்தில் அல்லவா? குழந்தைகளுக்கு இப்படத்தைக் காட்டும் பெற்றோர் இந்தக் கேள்வியையும் உடன் கேட்பது நலம். காட்சியின் ஆழத்துக்குக் கண்ணாடி போதும். சரித்திரத்தின் ஆழமோ, அம்பு புறப்பட்ட இடத்திலிருந்து நோக்கினால்தான் புலப்படும்.