ஆடிக்காற்றும் பறக்காத நாமும்

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நுழைந்தவர்கள் அந்தக் காற்றை மறக்கமாட்டார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தில் சாரலைத் தூவுகிறது. சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கும் ஊரில், பொழுதுபோக்காகப் பறக்க ஏன் எவரும் ஆசைப்படுவதில்லை?

பணம் என்று உடனே விடை வரும். அதில் உண்மை உண்டு. தனிநபர் விமானி உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பல ஆயிரம் ரூபாய் செலவு. ஆனால் பல லட்சத்துக்குக் கார் வாங்கி, உறை போட்டு மூடி வைத்திருப்பவர்களையும் இவ்வூரில் காண்கிறேன். மலையையும் குறை சொல்லலாம். சாரல் காலத்தில் நாம் காற்றின் மறைவுப் பக்கத்தில் இருக்கிறோம். மலை தாண்டி இறங்கும் காற்று சுழன்று புரளும். பாராகிளைடருக்கு அது எமன்.

இவையெல்லாம் பிற்பாடு வரும் தடைகள். முதல் தடை வீட்டுக்குள் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் விமானம் ஓட்டக் கற்கவேண்டும் என்றேன். "வேலை கிடைக்குமா?" என்றார் அப்பா. "வேலைக்கு இல்லை, சும்மா" என்றேன். அந்தச் 'சும்மா'வை எவரும் மன்னிக்கவில்லை. இன்றும் நம் பிள்ளைகள் பயிற்சிக்குச் சென்றால், வணிக விமானி உரிமத்துக்கான 200 மணி நேரமே குறி. நாற்பதோடு நிறைவடைந்து, ஞாயிறுதோறும் ஒரு வட்டமடித்து இறங்கும் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. கண்ணால் காணாத பழக்கம் எவருக்கு ஒட்டும்? கேரம் பலகை அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்தல்லவா நம்மிடம் வந்தது!

ஜே.ஆர்.டி. டாட்டா 1929இல் உரிமம் பெற்றது பறக்கும் ஆசையால்தான். 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் சுமந்து பறந்ததும், அதிலிருந்து ஒரு விமான நிறுவனம் பிறந்ததும் அந்த ஆசையின் பின்விளைவுகள். 1982இல், தம் 78ஆம் வயதில், அதே தடத்தில் மீண்டும் பறந்தார். அதில் என்ன வருமானம்?

சென்ற ஆடியில் பேரருவிக்குக் குளிக்கப் போயிருந்தோம். பாறைக்கு மேலே வட்டமிட்ட பருந்தைக் காட்டி, "நாமும் இப்படிப் போகலாமா பெரியப்பா?" என்றான் தம்பி மகன். "எதற்கு?" என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

மழை ஓய்ந்ததும் வாகமன் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே பாராகிளைடரில் பயிற்சியாளரோடு சேர்ந்து பறக்கலாம். அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.