பாலர் ஆசிரியைக்குக் கல்லூரி எங்கே?

யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கமக்காரரை ஒரு கேள்வி கேட்கின்றோம். நாற்றுமேடையைக் காக்கும் வேலையை அவர் யாரிடம் ஒப்படைப்பார்? தண்ணீர் இறைக்க ஓர் ஆளை அமர்த்துவார். களை பிடுங்க வேறோர் ஆளை அமர்த்துவார். ஆனால் மேடையை மட்டும் கைபழகியவரிடமன்றி மற்றெவரிடமும் விடமாட்டார். விதையை அளவாகத் தூவுவதும், கிடுகால் நிழல் கொடுப்பதும், பூவாளியால் நீர் தெளிப்பதும், அழுகல் கண்ட கன்றை அன்றே அகற்றுவதும் தேர்ந்தவர் செய்யும் தொழில். கன்று கெட்டுவிட்டால், பின்னர் எத்தனை வண்டி குழை தாழ்த்தினாலும் தோட்டம் தேறாது என்பதை அவர் அறிவார்.

பயிருக்குள்ள இந்த முறைமை நம் பிள்ளைக்கு உண்டா?

வைத்தியராவதற்கு ஐந்தாண்டு பயில வேண்டும். பொறியியலாளராவதற்கு நான்காண்டு பயில வேண்டும். அரசாங்கப் பாடசாலையிலே ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்குக் கற்பிக்கவும், கல்வியியற் கல்லூரியிலே இரண்டாண்டு விடுதியில் தங்கிக் கற்று, மூன்றாமாண்டு பாடசாலையிலே பயிற்சி பெற்று வரவேண்டும். நியாயமே. ஆனால் அதற்கும் முன்னர், மூன்று வயதிலே அதே பிள்ளையைத் தாயின் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் முன்பள்ளி ஆசிரியைக்கு நாம் வைத்திருக்கும் ஏற்பாடு என்ன? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பெண்ணொருவரை அழைக்கின்றோம். சில நாட் கருத்தரங்குக்கு அனுப்புகின்றோம். கையிலே ஒரு சான்றிதழைக் கொடுத்து, இருபது பிள்ளைகளை முன்னே இருத்திவிட்டுப் போய்விடுகின்றோம். இதற்கு மேலும் கற்க விரும்புவோர் தம் கைப்பணத்தைச் செலவிட்டே கற்கின்றனர். திறந்த பல்கலைக்கழகத்தின் கற்கைநெறிகளை அவ்வாறு முடித்தோர் நம்மிடையே உளர். அவர்களை வணங்குகின்றோம். ஆயினும் ஆசிரியையின் சொந்தத் தியாகத்தின்மேல் ஓர் இனத்தின் கல்வியைக் கட்டலாமா?

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தானே, அதற்கென்ன படிப்பு என்று கேட்பாரும் உளர். அவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றோம்.

மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முற்றாதவை. அந்தக் கையிலே பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுத்தை நிரப்பச் சொல்கின்றோம். நிரம்பிய கொப்பியைக் கண்டு பெற்றோர் பூரிக்கின்றனர்! முறையாகப் பயின்ற ஆசிரியையோ களிமண் பிசைய விடுவார், மணி கோர்க்க விடுவார், மணலிலே கோடு கீற விடுவார். விரலுக்கு வலிமை வந்த பின்னரே எழுத்து வரும் என்பது அவர் கற்ற பாடம். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை அடங்காப் பிள்ளையா, காது கேளாத பிள்ளையா? நான்கு வயதாகியும் வாக்கியம் பேசாத பிள்ளையைப் பொறுத்திருந்து பார்ப்பதா, வைத்தியரிடம் அனுப்புவதா? போரின் வடு ஆறாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை, மூலையிலே ஒடுங்கிக் கிடப்பது ஏன்? இவற்றை இயற்கையறிவு ஒன்றே கற்றுத் தராது. நூலறிவும், தேர்ந்தவர் மேற்பார்வையிலே மாதக் கணக்கில் பெறும் செயலறிவும் சேர்ந்தே கற்றுத் தரும். மனித மூளை ஆறு வயதாகும்போது, வளர்ந்தோர் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 வீதத்தை எட்டிவிடுகின்றது. அந்தப் பருவத்தைத்தான் நாம் பயிற்சி பெறாத கையில் ஒப்படைத்திருக்கின்றோம்.

மொன்டிசோரி அம்மையாரின் பெயரை நாம் ஊருக்கு ஊர் பெயர்ப்பலகையிலே எழுதி வைத்திருக்கின்றோம். அந்த அம்மையார் யார்? இத்தாலி நாட்டிலே மருத்துவம் கற்றுத் தேர்ந்தவர். 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றிலே தம் முதற் குழந்தையில்லத்தைத் திறந்தவர். 1944இல் இவ்விலங்கைக்கும் வந்தவர். பிள்ளையை நோக்கி அறியும் கலையை ஆசிரியர்க்குப் பயிற்றுவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். நாம் பெயரை எடுத்துக்கொண்டோம், பயிற்சியை விட்டுவிட்டோம்!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே இப்சிலாந்தி என்றோர் ஊர். அங்கே 1962இல் வறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கென ஒரு முன்பள்ளி தொடங்கப்பட்டது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 123 பிள்ளைகளுள் 58 பேர் அங்கே பயின்றனர், ஏனையோர் பயிலவில்லை. இரு சாராரையும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தனர். பயின்றோரிடையே பாடசாலைக் கல்வியை நிறைவு செய்தோர் தொகை கூடியிருந்தது. தொழில் பெற்றோர் தொகையும் கூடியிருந்தது. குற்றம் புரிந்து கைதானோர் தொகை குறைந்திருந்தது. இந்தக் கதையைச் சொல்லி முன்பள்ளிகளைத் திறக்கும் நம்மவர், அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. அங்கே கற்பித்தவர்கள் முழுத்தகைமை பெற்ற ஆசிரியர்கள். வாரந்தோறும் பிள்ளையின் வீட்டுக்கும் சென்று தாயோடு இருந்து பேசியவர்கள். பின்லாந்து தேசமோ 1995இலேயே பாலர் ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வைத்துவிட்டது.

இங்கே 1945இல் இலவசக் கல்வி வந்தபோது, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்று நாடு பெருமை கொண்டது. 2016இன் ஒழுங்குவிதி ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. மூன்று வயதுப் பிள்ளையும் நான்கு வயதுப் பிள்ளையும் இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கின்றனர். அவர்களின் ஆசிரியையும் வெளியேதான் நிற்கிறார். பெற்றோர் தரும் சிறு கட்டணமும், எங்கிருந்தோ வரும் ஓர் உதவிப் பணமுமே அவருக்கு வேதனம். வயலிலே கூலிக்கு நிற்பவர் ஒரு வாரத்திற் காண்பதை, மாதமெல்லாம் உழைத்தும் காணாத ஆசிரியைகள் எத்தனை பேர்!

இந்த வறுமையின் அரசியலைத் தமிழ் மக்கள் மறந்துவிடலாகாது. போர் முடிந்த 2009க்குப் பின்னர், கிளிநொச்சி முல்லைத்தீவு மாவட்டங்களிலே, பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியைகளைத் தன் ஊழியராகச் சேர்த்துக்கொண்டது. மாகாணம் கொடுக்க முடியாத சம்பளத்தைப் படைத்துறை சார்ந்த திணைக்களம் கொடுத்தது. அச்சம்பளத்தை வாங்கிய பெண்களை நாம் குறை கூறோம். அவர்களுக்கும் அடுப்பெரிய வேண்டும். பாலர் பாடசாலையைப் பாதுகாப்பு அமைச்சு நடத்த முற்பட்டதைக் கண்டிக்கின்றோம். அதைக் காட்டிலும், அந்த வெற்றிடத்தை விட்டுவைத்த நம்மையே கண்டிக்கின்றோம். நாம் ஆசிரியையை ஆசிரியையாக மதித்து, பயிற்சியும் பதவியும் சம்பளமும் கொடுத்திருந்தால், வேறொருவர் வந்து அவரை விலைபேச இடமேது?

அதிகாரமில்லை என்று நம் தலைவர்கள் கூறிவிட முடியாது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம், முன்பள்ளிகளின் முகாமையை மேற்பார்வை செய்யும் அதிகாரத்தை மாகாண சபைக்குக் கொடுத்தது. வட மாகாணத்துக்கு 2013இல் மக்கள் ஒரு சபையைத் தெரிவு செய்தனர். 2018இல் அதன் காலம் முடிந்தது. அந்த ஐந்தாண்டிலே நிறைவேறிய தீர்மானங்கள் மிகப் பல. பாலர் ஆசிரியைக்கு ஒரு கல்லூரி வாசலைத் திறந்துவைத்த தீர்மானம் எங்கே? பெரிய அதிகாரம் தா என்று கேட்போர், கையிலுள்ள சிறிய அதிகாரத்தைத் துருப்பிடிக்க விடலாமா?

கட்டடமில்லை என்பதும் வீண்பேச்சு. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த கல்வியியற் கல்லூரிகள் கோப்பாயிலும், வவுனியாவிலும், மட்டக்களப்பிலும், மலையகத்திலே பத்தனையிலும் நிற்கின்றன. விடுதியுண்டு, நூலகமுண்டு, விரிவுரை மண்டபமுண்டு. முதலாம் வகுப்புக்கு ஆசிரியரை ஆக்கும் அதே கல்லூரியிலே, அதற்கு முந்திய இரண்டாண்டுக்கும் ஆசிரியரை ஆக்குவதற்குத் தடை என்ன?

நம் எதிர்ப்பாளர் சொல்வனவற்றுள் ஒன்றுக்கு மட்டும் மதிப்புண்டு. கல்லூரித் தகைமையைக் கட்டாயமாக்கினால், பத்துப் பதினைந்தாண்டு உழைத்த கிராமத்துப் பெண்கள் வேலையிழப்பர். தூரத்து ஊர்களிலே முன்பள்ளிகள் மூடப்படும் என்கின்றனர். இது மெய்யான அச்சம். ஆகவே நாம் ஒருவரையும் நீக்கச் சொல்லவில்லை. பணியிலிருப்போர்க்கு அவரவர் அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, விடுமுறைக் காலங்களிலே கல்லூரியில் வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிலும் காலத்துக்கு வேதனம் வெட்டப்படலாகாது. புதிதாக வருவோர்க்கு மட்டுமே முழுநேரப் பயிற்சி கட்டாயமாக வேண்டும்.

எனவே நாம் கேட்பவை மூன்று. கல்வியியற் கல்லூரிகளிலே பாலர் கல்விக்கு நிலையானதொரு கற்கைநெறி, தமிழ் மொழியிலே, உதவிப் பணத்தோடு நடத்தப்பட வேண்டும். பயின்று வெளிவருவோர்க்கு ஆரம்பப் பாடசாலை ஆசிரியருக்கு நிகரான தரமும் சம்பளமும் ஓய்வூதியமும் வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலே குழந்தைகளைக் காக்கும் பெண்ணுக்கும் இக்கல்லூரியின் வாசல் திறந்திருக்க வேண்டும். கொழுந்தெடுக்கும் தாயின் பிள்ளை காவலில் மட்டும் வைக்கப்படும் பிள்ளையன்று, கற்கவேண்டிய பிள்ளை.

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே! உங்கள் பிள்ளைக்கு நகரத்திலே நல்லதொரு முன்பள்ளியைத் தேடிப் பணம் கொடுத்துச் சேர்த்துவிட்டீர்கள். உங்கள் ஊரின் மற்றப் பிள்ளைகள் யாரிடம் விடப்பட்டுள்ளனர் என்று ஒரு காலை சென்று பாருங்கள். கமக்காரப் பெருமக்களே! அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் படலையைத் திறப்பவரிடம், பாலர் ஆசிரியைக்குக் கல்லூரி எங்கே என்று கேளுங்கள். விடை சொல்லாதவரைத் திருப்பி அனுப்புங்கள்.