காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல பாத்திரமா?

பாத்திரக் கடைகளில் ஒரு சோதனையை நீங்கள் பார்த்திருக்கலாம். கடைக்காரர் சிறு காந்தம் ஒன்றை எவர்சில்வர் தட்டின்மேல் வைப்பார். ஒட்டாவிட்டால், “பாருங்கம்மா, அசல் சரக்கு!” என்பார். ஒட்டினாலோ, “இது இரும்பு கலந்தது” என்று வாங்க வந்தவரே அதை ஒதுக்கிவிடுவார். எங்கள் சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவிலும் சீர்ப் பாத்திரம் வாங்குவோர் இதை நம்பித்தான் ஆயிரக்கணக்கில் செலவிடுகிறார்கள். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தச் சோதனை தரத்தைக் காட்டாது. சில வேளைகளில் நேர்மாறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

“இரும்பு கலந்தது” என்ற குற்றச்சாட்டே விந்தையானது. எந்த எவர்சில்வரிலும் பெரும்பகுதி இரும்புதான்! அதனுடன் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேரும்போது, மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடின் மிக மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் அப்படலம் மீண்டும் உருவாகிவிடும்.

அப்படியானால் சிலவற்றில் காந்தம் ஏன் ஒட்டுவதில்லை? அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள விதமே காரணம். சாதாரண இரும்பில் அவை பொருள்மைய கனசதுர அமைப்பில் உள்ளன. காந்தம் அதை ஈர்க்கும். 18 சதவீதம் குரோமியத்துடன் 8 சதவீதம் நிக்கலையும் சேர்த்தால் அமைப்பு முகப்புமைய கனசதுரமாகிறது, காந்தம் ஈர்ப்பதில்லை. இதுவே 304 என்னும் ரகம். நிக்கல் இல்லாத 430 ரகத்தில் காந்தம் ஒட்டும். ஆனால் அதிலும் குரோமியம் 16 முதல் 18 சதவீதம் உண்டு. அதைப் போலி என்று ஒதுக்குவது அறியாமை.

உண்மையான சிக்கல் ‘200 வரிசை’ எனப்படும் ரகங்களில்தான் இருக்கிறது. நிக்கல் விலை மிகுந்த உலோகம். எனவே அதைப் பெருமளவு குறைத்து, மாங்கனீசையும் சிறிது நைட்ரஜனையும் சேர்க்கிறார்கள். இவையும் அதே முகப்புமைய அமைப்பைத் தருவதால் காந்தம் ஒட்டாது! ஆனால் சில வகைகளில் நிக்கல் ஏறக்குறைய 1 சதவீதமே, குரோமியமும் குறைவு. உப்பும் புளிப்பும் நாள்கணக்கில் தங்கினால் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். இதை நஞ்சு என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 304-இன் விலையைக் கொடுத்து இதை வாங்குவது ஏமாறுவதுதானே? ஒரு சொட்டுச் சோதனைத் திரவமும் 9 வோல்ட் பாட்டரியும் இருந்தால், மாங்கனீசு மிகுந்த எஃகைச் சிவப்பு நிறத்தால் கண்டுகொள்ளலாம். காந்தத்தால் முடியாது.

ஒன்று செய்து பாருங்கள். வலிமையான சிறு காந்தத்தை நூலில் கட்டி, நல்ல எவர்சில்வர் டம்ளரின் அடிப்பகுதிக்கு அருகே தொங்கவிடுங்கள். அசையாது. அதையே விளிம்புக்கோ வளைவுக்கோ கொண்டு செல்லுங்கள். பெரும்பாலும் மெல்ல இழுபடும். ஒரே டம்ளர், ஒரே தகடு! ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் பிரஸ் எந்திரங்கள் தட்டையான தகட்டை அழுத்திக் கார் உறுப்புகளாக்குவதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருக்கக்கூடும். டம்ளரும் அவ்வாறே இழுத்து உருவாக்கப்படுகிறது. அந்த இழுப்பில் அணு அடுக்குகள் சில இடங்களில் காந்தத் தன்மையுள்ள வேறோர் அமைப்புக்கு மாறிவிடுகின்றன.

இண்டக்ஷன் அடுப்பு வந்தபின் வேடிக்கை இன்னும் கூடிவிட்டது. அதற்குக் காந்தம் ஒட்டும் அடிப்பகுதிதான் வேண்டும்! ஆகவே 304 பாத்திரத்தின் அடியில் 430 வில்லையைப் பொருத்தி விற்கிறார்கள். எவர்சில்வரின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தினுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் பால் சுடர் படும் இடத்தில் அடிப்பிடிக்கும். நடுவில் அலுமினியம் வைத்த கனத்த அடிப்பாகம் இருந்தால் வெப்பம் பரவும்.

என் கருத்து இதுதான். விருந்தினருக்கு வைக்கும் தட்டும் டம்ளரும் உடனே கழுவித் துடைத்து வைக்கப்படுபவை. அவற்றுக்கு 430 போதும். ஊறுகாய், தயிர், புளிக்குழம்பு தங்கும் பாத்திரங்களுக்கு 304 வேண்டும். சமைக்கும் பாத்திரத்தில் பளபளப்பைவிட அடிப்பாகத்தைப் பாருங்கள்.

ஆனால் ரகம் தெரிந்தால்தானே தேர்ந்தெடுக்க முடியும்? எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் பிறப்பித்தது. நல்ல தொடக்கம். ரக எண்ணும் ஒவ்வொரு பாத்திரத்திலும் பொறிக்கப்பட வேண்டும் என்பேன். 1981 முதல் இயங்கிவரும் சேலம் உருக்காலை போன்ற ஆலைகளில் தகட்டின் ரகம் குறிக்கப்பட்டுத்தான் விற்பனைக்கு வருகிறது. பாத்திரமாக மாறிய பிறகு பலவற்றில் அது காணாமல் போய்விடுகிறது. சீர் கொடுப்பவரின் பெயரையும் தேதியையும் பாத்திரத்தில் வெட்டித் தரும் கடைக்காரருக்கு, பக்கத்தில் மூன்று இலக்கங்களை வெட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?