முதலில் சோதனை, பிறகு சாதனை!

‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ நூலைப் பார்த்து, மூல நிரலிலிருந்தே சொந்தமா ஓர் இயங்குதளம் உருவாக்க ஆசையா? நல்ல ஆசைதான்! ஆனால் முதலில் உங்க கம்ப்யூட்டர் அதற்குத் தயாரா என்று பாருங்கள்.

ஜிசிசி, பைசன், மேக் எல்லாம் நூல் கேட்கும் பதிப்பில் இருக்கணும். உபுண்டுவில் ‘எஸ்எச்’ என்றால் டேஷ் ஓடும். நூல் கேட்பதோ பாஷ். இதைப் பார்க்காமல் ஆரம்பித்தால், மணிக்கணக்கில் ஓடிய வேலை நடுவில் நின்றுவிடும். உடனே “நமக்கெல்லாம் இது வராதுப்பா”ன்னு விட்டுவிடுகிறோம். குறை நம் மூளையில் இல்லை, சோதிக்காததில்தான்!

நம்ம பக்கத்துத் தோல் ஷாப்பில்கூட தோலைத் தரம் பார்த்துத்தானே ஊறப்போடுகிறார்கள்? சோதிக்கும் சிறுநிரல் அந்த நூலிலேயே இருக்கிறது. ஓட்ட ஒரு நிமிஷம் போதும். கணினி வகுப்பிலும் இதையே முதல் பாடமாக வைக்கலாமே, ஆசிரியர்களே!